காலியிடம் மூன்று

விளம்பரத்தைப் பார்த்து எட்டுப் பேர் வந்தார்கள்.
இரண்டு பேர் லத்தீன் என்றால் நடனம் என்று நினைத்து
மதுரையில் முதல் பஸ் பிடித்தவர்கள்.
ஒருத்தி துணிப்பையில் ஆட்டத்துக்கான காலணியும்
கொண்டுவந்திருந்தாள்.
டீ கொடுத்தேன், பஸ் காசும் கொடுத்தேன்.
‘பொருந்தவில்லை’ என்று பதிவேட்டில் எழுதத்தான்
கை கொஞ்சம் தயங்கியது.

ஜூன் பத்துக்குள் மூன்று ஆசிரியர்கள் வேண்டும்.
கொடைக்கானலில் பள்ளி என்றால்
கீழே கிடைக்காத ஏதாவது இருக்கணும் என்பது
புது முதல்வரின் கட்சி.
நான் துணைத் தலைமையாசிரியை.
எனக்குத் தெரிந்த லத்தீன் எல்லாம்
பிள்ளைகளின் சட்டைப்பையில் தைத்த சின்னம்,
நான்கு சொல்.
பொருள் கேட்டால், பழைய ஹெட்மாஸ்டர்
பொதுவாக வானத்தைக் காட்டுவார்.

குருப்பட்டத்துக்கு இரண்டு வருஷம் இருக்கையில்
அங்கியைக் கழற்றிவிட்டு இறங்கிய எஸ்தாக்கி
இப்போது பூம்பாறையில் பூண்டு போடுகிறார்.
பயிற்சி கொடுக்க ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனை:
நடவு வாரத்தில் வகுப்பு வயலில்.
பல் பல்லாய் ஊன்றிக்கொண்டே
“அல்லியும் சதீவும்” என்றார்.
“சதீவும்னா விதைச்சது.
தானா முளைச்சது இல்ல, ஆள் தேவைப்பட்டிருக்கு.”
அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்,
சம்பள விவாதத்துக்கு உதவும்.

வத்தலக்குண்டுத் தமிழாசிரியை அங்கயற்கண்ணி
சந்தையில் பேரம் பேசுவதுபோல் கேட்டார்:
“எங்களுக்கு எட்டு வேற்றுமை. உங்களுக்கு ஆறுதானா?”
ஆலும் இன்னும் கண்ணும் அங்கே
ஒரே வீட்டில் குடித்தனம் என்றார் எஸ்தாக்கி.
“வாடகை மிச்சம்” என்று சொல்லிவிட்டு
அன்று இரவே ஒரு பெயரை ஆறு விதமாக வளைத்துக்
கொண்டுவந்தார்.

ஹென்றி செல்லையா பூங்காவில் மரங்களுக்கு
பெயர்ப்பலகை எழுதுகிறவர்.
ஓர் எழுத்துப் பிசகாது, வாயில்தான் எதுவும் வராது.
அடைக்கலம் ஏரியில் படகுச் சீட்டுக் கிழிக்கிறவர்.
சின்ன வயதில் பீடச் சிறுவன்.
பூசையின் மறுமொழிகள் ஒரே மூச்சில் கொட்டும்,
எங்கே ஒரு சொல் முடிந்து
எங்கே இன்னொன்று பிறக்கிறது என்றுதான் தெரியாது.
ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம்.
இவர் சொல்ல அவர் எழுத
மூச்சு துண்டு துண்டாகக் கரும்பலகைக்கு ஏறியது.

“யுவெந்தூத்தெம்” என்று வெட்டினார் செல்லையா.
அடுத்து “மேயாம்.”
எஸ்தாக்கி மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு
“என் இளமையை” என்றார்.
அடைக்கலத்துக்கு நாற்பத்தொரு வயது.
“அதைச் சொன்னப்ப எனக்கு எட்டு வயசு சார்”
என்று மட்டும் சொன்னார்.
வெளியே போனார். மூடுபனி.
மைதானத்தில் காட்டெருமை ஒன்று
கோல் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
முகம் கழுவி வந்து உட்கார்ந்தவர்,
“அப்ப அந்த எம் நம்ம ஐ, சரிதானே?” என்று
அங்கயற்கண்ணியைக் கேட்டார்.

அன்றைக்கே நான் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.
சொல்லவில்லை.
மெஸ் ஆட்களை மாணவர்களாக உட்கார வைத்து
மாதிரி வகுப்பு நடந்தபோதும்,
சப்பாத்தி தேய்க்கும் மரகதம்
“கூப்பிடுறப்ப அவங்களும் ஏ போடுறாங்களே,
ஆண்டவரே மாதிரி” என்று கண்டுபிடித்தபோதும்
சொல்லவில்லை.
தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
படகுச் சீட்டு, முன் அனுபவம் பதினாறு வருஷம்.

ஒன்பதாம் தேதி எஸ்தாக்கி கணக்கு முடித்துக் கிளம்பினார்.
வாசலில் ஒரு பையனின் சட்டைப்பையைக்
குனிந்து உற்றுப் பார்த்தார்.
“மூணாவது சொல்லுல விகுதி தப்பு.
கு வரவேண்டிய எடத்துல ஐ கெடக்கு.”
எத்தனை வருஷமாக?
பள்ளி திறந்ததிலிருந்து.
சின்னம் ஆயிரம் புதிதாக வந்து
ஸ்டோரில் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது.

முதல்வருக்கு இன்னும் சொல்லவில்லை.
அடைக்கலத்திடம் சொன்னேன்:
நாளைக்கு முதல் பாடம்
சட்டைப்பையிலிருந்து ஆரம்பியுங்கள்.