பெயரடைவு

காகிதப்பட்டறை அச்சகத்தில்
அவருடைய நான்கு புத்தகங்களுக்கும் டைப் அடித்தவன் நான்.

மங்களநாயகி. ஓய்வுபெற்ற சார்பதிவாளர்.
முப்பது வருடம் முத்திரை குத்திய கை
பிறகு செல்லரித்த பத்திரங்களை மட்டுமே புரட்டியது.

ஆரணிப் பக்கத்துக் கிரயம் ஒன்று:
நஞ்சை ஆறு காணி, மாமரம் நாலு,
கிணறு ஒன்று, ஆள் பதினொன்று, ஏற்றம் ஒன்று.
ஆளைத் தனி வரியாக்கினேன், மரியாதைக்கு.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
"கிணற்றுக்கும் ஏற்றத்துக்கும் நடுவில்தான் எழுதியிருக்கிறான்.
அங்கேயே விடு."

பரிசு எதுவும் வரவில்லை.
வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதை
இரண்டாம் பதிப்பில் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

கடைசிப் புத்தகத்துக்குப் பெயரடைவு.
விற்றவர், வாங்கியவர், சாட்சி, எழுதிய கணக்கர்
எல்லோரும் அகரவரிசையில் வந்து நின்றார்கள்.
'பெயர் தெரியாதவர்' என்பதற்கு மட்டும்
எண்கள் ஒன்றரைப் பக்கம் ஓடின.
காகிதம் கூடுமே என்றார் முதலாளி.
அவர் வளையலைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அக்னி வெயிலில் கரண்ட் போன மதியம்
என்னைக் கேட்டார்:
"முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறாய்?"
"எட்டாயிரம்."
"விட்டுப் போக முடியுமா?"

கரண்ட் வந்தது.
நான் 'ப' வரிசைக்குத் திரும்பினேன்.