தெளிநீர்

கோனியம்மன் தேரன்று
டவுன்பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு போயின.
பீளமேட்டில் இறங்கி நடந்தேன்.
"லீவு நாள்ல என்னங்க அம்மணி?"
கேட்டில் கிட்டுசாமி.
"சோறு போடோணுங்க."
ஏதோ நாய்க்கென்று நினைத்துக்கொண்டார்.

முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
தட்டைக் குடுவைகளின் அடியில் ஒட்டிக்கொண்டு
எண் பதினொன்று என்பவளின் செல்கள்.
பெயரின்மேல் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.
வயது ஐம்பத்திரண்டு. கைநாட்டு.
பெருவிரல் சுழியில் இருப்பது
மையின் நீலமா
சாயப்பட்டறை நீலமா, தெரியவில்லை.

மருந்து விடாத குடுவையில்
ரோஜா நிற மீடியம் மஞ்சளாகியிருந்தது.
நன்றாகத் தின்றிருக்கின்றன.
பத்து சதவீதம் அதில்
பிறக்காத கன்றின் சீரம்.
காங்கயத்தில்
மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அப்பாவிடம்
இதை நான் சொன்னதில்லை.
மருந்து விட்ட குடுவையில்
ரோஜா அப்படியே இருந்தது.

சுழலவிட்டு,
மேலே தெளிந்த நீரை மட்டும் உறிஞ்சி
தொண்ணூற்றாறு குழித் தட்டில் விட்டேன்.
செல்லைப் பார்க்கவே வேண்டாம்,
வெளியே விட்டது போதும் என்பார்கள்.
ஒரத்துப்பாளையத்தில் நின்றபடியே
திருப்பூரில் இன்று என்ன கலர் ஓடுகிறதென்று
சொன்னவர்கள் உண்டு.

சிஏ நூற்றிருபத்தைந்து:
விடாததில் நாற்பது.
விட்டதில் முன்னூற்றுப் பத்து.

"ஏறிடுச்சா? அப்ப மருந்து கேக்கலை,"
போனில் தியோடர் சார். பின்னால் கொட்டுச் சத்தம்.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன்.
பிடித்திருந்த தரையை விட்டு
உருண்டு, மிதந்து,
சவ்வு கிழிந்து கிடந்தன.
உயிரோடிருக்கையில் சொட்டுச் சொட்டாக விட்டதை
போகிற போக்கில்
மொத்தமாகக் கொட்டிவிட்டிருந்தன.

வளர்ந்தாலும் ஏறுகிற எண்.
செத்தாலும் கொஞ்ச நாள் ஏறுகிற எண்.
ரிப்போர்ட்டில் இரண்டுக்கும்
மேலே பார்க்கிற அதே அம்புக்குறி.

இந்நேரம்
அவிநாசி ரோட்டில் ஏதோ ஒரு வராந்தாவில்
முதல் மருந்து ஏறிய பத்தாம் நாள்
அந்த அம்பையே பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.
குனிந்து பார்க்க
எனக்கு ஒரு குடுவை இருந்தது.
அவளுடைய டாக்டர்
"இன்னும் மூணு வாரம் பாக்கலாங்க" என்று சொல்லி
பேனாவை மூடுவார்.

செத்தவற்றைப் பிளீச்சில் ஊற்றினேன்.
மற்றதற்குப் புது மீடியம்.
பெட்டியைச் சாத்திவிட்டு வெளியே வந்தால்
கிட்டுசாமி எழுந்து நிற்கிறார்.

"தின்னுச்சுங்களா?"

"ஒண்ணு தின்னுச்சுங்க."