ஈரக் கழிவு

அட்சயா மையத்தில் விண்ணப்பத்தைப் பார்த்த பெண்
தலை நிமிராமலே கேட்டாள்:
“ஹேண்டிகேப்பா? எத்தனை சதவீதம்?
மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட் உண்டா?”
கால் நல்லாருக்கு, கையும். கோல்ஃப் என்றேன்.
பின்னால் நின்ற வரிசை முழுக்க
என் செருப்பைப் பார்த்தது.

இந்த மலையில் நான் கேட்டு அலையாத சான்றிதழ் இல்லை.
சாதிக்கு, இருப்பிடத்துக்கு,
அப்பா எந்த வருஷம் போடிமெட்டு ஏறினார் என்பதற்கு.
மூணாறில்தான் பிறந்தேன் என்று நிரூபிக்கவே
பதினோரு மாதம்.
எவ்வளவு மோசமாக ஆடுகிறேன் என்று
எழுதித் தருகிறோம் என்றது கிளப் ஒன்றுதான்.

ஐம்பத்துநான்கு குழி ஆட வேண்டும்.
எங்களிடம் இருப்பது ஒன்பது.
ஒவ்வொரு அட்டையிலும் இன்னொருவர் கையெழுத்து.
ஸ்டாஃபுக்குத் திங்கள்கிழமை மட்டும் அனுமதி.
மாறுதலாகிப் போன அசிஸ்டெண்ட் மானேஜர்
இரண்டாயிரத்துக்கு விட்டுப்போன மட்டைகள்,
நாலாம் நம்பர் இரும்பு கிடையாது,
அஞ்சாம் நம்பரின் பிடியில் சைக்கிள் டியூப்.

கையெழுத்துப் போட வந்தவர் சோசம்மா,
கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் பணம் எண்ணியவர்.
“ஏழு” என்றேன் முதல் குழியில்.
“எட்டு. ஆ பள்ளத்தில் ஒண்ணு வீசியில்லே?
காத்தை அடிச்சாலும் அடிதான்.”

முதல் அட்டை நூற்று இருபத்தொன்று.
இரண்டாவது நூற்று இருபத்தாறு.
மூன்றாவது அட்டை என் கணுக்காலில் இருந்தது;
உப்பு வைத்து எடுத்துவிட்டுச் சொன்னார்,
இதுக்கு ஒப்பு வேண்டாம்.

அடுத்த திங்கள், சாரல்.
ராத்திரி யானை கடந்திருந்தது.
ஆறாம் குழிக்கு முன்னால்
ஒரு காலடி நிறைய மழை,
அதன் அடியில் என் பந்து.
சோசம்மா விதிப்புத்தகத்தைப்
பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினார்:
தற்காலிகத் தண்ணீர். எடுத்து வெளியே போடலாம்.
அடி ஏறாது.
யானையின் பாரத்துக்கும் வானத்துக்கும்
நான் பொறுப்பில்லையாம்.
இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.
நூற்றுப் பதினாறு.

மூன்றில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள்.
மைதானத்தின் கடுமைக்கு ஒரு பெருக்கல்.
அட்டை மூன்றுதான் என்பதால்
அதிலிருந்தும் இரண்டு கழிவு.

செய்தி வந்தபோது எடைக்களத்தில் நின்றேன்.
நாற்பத்திரண்டு புள்ளி ஆறு.
தராசில் புஷ்பக்கனியின் கொழுந்து,
சாக்குத் தண்ணீர் என் பூட்ஸ் மேல்.
“என்ன சார், தனியாச் சிரிக்கிறீங்க?”
சொன்னேன்:
எத்தனை அடிச்சாலும் நாப்பத்திரண்டு சொச்சத்தைக் கழிச்சுருவாங்க,
மிச்சத்துக்குத்தான் போட்டி,
நல்லா ஆடுறவனும் நானும் ஒரே கோட்டுல நிக்கலாம்.

“கழிச்சா நல்லதா?
அப்படியும் ஒரு ஆட்டம் இருக்கா?”
பின்னாலிருந்து ஜெபராணி:
“எங்க நெரையிலயும்தான் யானை வந்துச்சு.
அதுக்கு எவ்வளவு?”

முள் இருபத்தொன்பதில்.
இருபத்தேழுக்கு மேல் ஏறினால்தான் கூடுதல் காசு.
ஈரத்துக்கு இரண்டு கிலோ,
பதினாறு வருஷமாய் இந்தப் பேனாவுக்குப்
பார்க்காமலே எழுதத் தெரியும்.
விதிப்புத்தகம் சோசம்மாவின் பையில்,
அதில் கொழுந்து பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒன்றரை என்று எழுதினேன்.
புஷ்பக்கனி அதை இரண்டு முறை படித்தாள்,
சாக்கை உதறினாள், ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே
இன்னொருவர் கையெழுத்து கேட்பதில்லை.