ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு

எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள்.
கேட்பவரைப் பார்த்துத்தான் சொல்வேன்.

பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால்
ஆக்லாந்திலிருந்து சந்தியாகோ
ஒன்பதாயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர், கொஞ்சம் கூடக்குறைய.
சுவர் வரைபடத்தில் அதே நூல்
தெற்கே வயிறு சரிந்து தொங்கும்.
நேர்கோடுதான்.
தாளுக்குத்தான் அது புரியாது.

விமானி மணியில் கேட்பார்.
கணக்குப் பிரிவு ஓயர்சூனுக்கு
டன் எரிபொருளில் சொன்னால்தான் தூரம்.
ஆறு வயது நிரம்பப்போகிற நவுவேல்
பல் தேய்த்துக்கொண்டே கேட்டான்:
"அப்பா என் பொறந்தநாள
எனக்கு முன்னாடியே முடிச்சிருவாரா?"

முடித்துவிடுவார்.
ஜூனில் மாடுகள் பால் வற்றி நிற்கும்,
அதனால்தான் வைக்காத்தோ பண்ணையில் விடுப்பு.
செவ்வாய் மாலை ஆறுக்கு அங்கே ஏறுகிறான் ரெனாத்தோ.
பதினொரு மணி நேரம் பறந்து
செவ்வாய் மதியம் ஒன்றுக்கு இங்கே இறங்குகிறான்,
ஏறியதற்கு ஐந்து மணி நேரம் முன்னால்.
ஒரு செவ்வாயை அங்கே தீர்த்துவிட்டு
கேக் வெட்ட இன்னொரு செவ்வாய்.

அந்த விமானத்துக்கு வழி போட்டது நான்.
இரவுப் பணி, ஆறிய காபி.
ஐம்பதாம் அட்சக்கோட்டில் மேல்காற்று
முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது,
மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர்.
கீழே ஒரு விளக்குக் கிடையாது.
ஓர் இயந்திரம் நின்றால் எங்கே போவது என்று
முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்:
இதுவரை என்றால் திரும்பு,
இதற்கு அப்பால் என்றால் போ.

இரண்டு கரைக்கும் ஒரே நேரம் பிடிக்கும் அந்தப் புள்ளி
நட்டநடுவில் இருக்காது.
காற்று அதைப் புறப்பட்ட கரைப்பக்கம் நகர்த்திவிடும்.
பாதி வழி வருமுன்பே
திரும்புவதைவிடப் போவது சுருக்கம் என்றாகிவிடும்.
இதை நான் வேலையில்தான் கற்றேன்.
வீட்டில் பிறகு பயன்பட்டது.

புதாவெலில் ஜூன் மூடுபனி.
மாற்று நிலையம் கொன்செப்சியோன்.
கூடுதலாக நாற்பது நிமிட எரிபொருள் போட்டேன்.
ஓயர்சூன் கேட்டால் பனி என்பேன்.
பனிதான்.

இந்தக் கணக்கெல்லாம் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு.
அதன்பின் மைப்பூ பேருந்து,
மின்தூக்கி ஓடாத நான்கு மாடி,
வரவேற்பறை சோபா.
சோபாவில் விரிப்பும் தலையணையும் வைத்துவிட்டுத்தான்
பணிக்கு வந்தேன்.
அங்கிருந்து என் அறைக்கதவு வரை
யாரும் வழி போடச் சொல்லவில்லை.

இரண்டு வாரம்.
திரும்பும்போது அதே கடல், எதிர்க்காற்று, பதின்மூன்று மணி நேரம்.
செவ்வாய் இரவு பதினொன்றுக்கு ஏறினால்
வியாழன் விடிகாலை நாலுக்கு அங்கே.
"அப்போ புதன்கிழமை எங்க விழும்?"
"கடல்ல."
நவுவேல் உருண்டையில் விரல் வைத்துத் தேடினான்.
"இங்க தீவு இருக்கா?"
"இல்ல."
"அப்போ நனஞ்சிருக்கும்."

போய்த் தன் சின்னத் துவாலையை எடுத்துவந்து
அப்பாவின் பெட்டியில், சட்டைகளுக்கு மேல் வைத்தான்.
ரெனாத்தோ என்னைப் பார்த்தான்.
இருநூறு கிராம் இருக்கும்.
எடைப்பட்டியலில் நான் அதைச் சேர்க்கவில்லை.