வெளிச்சம் இடப்பக்கம்

வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது.
மறந்தால் பள்ளம் மேடாகத் தெரியும்
என்கிறது வேலைக் குறிப்பு.

அப்புத்தளையில், பேக்கரிக்கு மேல்மாடியில்
செவ்வாய்க்குக் கோடு போடுகிறேன்.
படத்துக்கு நாலு ரூபாய்.

இன்று ஒரு குழியின் வடக்குச் சரிவு.
உச்சியிலிருந்து இறங்கும் வரிவரியான தடங்கள்.
ஏழாம் நம்பர் மலையில்
அண்ணன் வெட்டும் கான்களும் இப்படித்தான்,
மாசியில், காய்ந்துபோய்.
அங்கே வெட்டியது யார்?
தண்ணீர், காற்று, தெரியவில்லை:
மூன்றாவதை அழுத்தினேன்.

அந்தக் குழிக்கு அட்சரேகை உண்டு, தீர்க்கரேகை உண்டு.
எங்கள் லயத்துக்கு இலக்கம் இல்லை.
வங்கிக் கடிதம் தோட்டத்து ஆபிசில் கிடந்து
பதினோராம் நாள் வந்தது,
உறை பிரிந்து.

நாலு மணிக்கு மூடுபனி ஏறியது.
கீழே பள்ளத்தாக்கு நிரம்பி
மேடு மாதிரி நின்றது.
எழுந்துபோய்ப் பார்த்தேன்,
வெளிச்சம் எந்தப் பக்கமென்று.