கையுறை அளவு

மானிட்டோபா, டாஃபின். ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கராஜ் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
இறக்கை மாட்டாத விமானம்
மரக்கால்கள்மேல் வயிறு தெரியக் கிடக்கிறது.

என் முன்னால் பீட்சா பெட்டியில் வெட்டிய அட்டை.
அதில் காகித வட்டங்கள்:
உயரம், வேகம், எண்ணெயின் சூடு.
குண்டூசி குத்தி, பிடுங்கி, நகர்த்திக் குத்தி
அட்டைக்கு அம்மை போட்ட முகம்.

ஒரு அடி வயர்கூட இன்னும் வாங்கவில்லை.
அக்டோபரிலிருந்து வாங்கியதெல்லாம்
பென்சில், ரப்பர், கட்டம் போட்ட நோட்டு.
பகலில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறேன்.
எவனோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன மூட்டுகளைப்
பதினெட்டு வருஷமாகப் பிரிப்பவளுக்கு
அவசரத்தின் முகம் தெரியும்:
பச்சை பூத்த செம்பு,
கருகல் வாடை,
பனியில் நின்றுபோன பஸ்ஸுக்குள் நாற்பது குழந்தைகள்.

ஆகவே, ஒவ்வொரு வயருக்கும் நோட்டில் ஒரு வரி.
எங்கே கிளம்புகிறது, எங்கே முடிகிறது,
என்ன தடிமன், எத்தனை ஆம்பியர், எந்த ஃபியூஸ்.
பெயர் கிடையாது, எண் மட்டும்;
இரு முனையிலும் அதே எண்.
பலகையின் பின்னால் ஒரு முழம் உபரி விடுகிறேன்.
பின்னொரு நாள் அதை வெளியே இழுக்கப்போகிறவர்,
தலைகீழாகப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்வி,
என்னைத் திட்டக் கூடாது.
அது அநேகமாக நான்தான்.

பறக்கிற பொருளுக்குள்ளும் எர்த் உண்டு.
கறுப்பு வயர் அத்தனையும்
ஒரே செம்புத் துண்டில் வந்து சேர வேண்டும்.
கண்ட இடத்தில் கட்டினால்
ரேடியோவில் ஆல்டர்னேட்டர் முனகும்.

காம்பஸுக்கு மட்டும் வரி இல்லை.
அது மின்சாரம் கேட்பதில்லை,
தள்ளி நில் என்கிறது, அவ்வளவுதான்.
அருகே போகும் விளக்கு வயர்களைச்
சடைபோல் ஜோடியாகப் பின்னினால்தான்
வடக்கு வடக்காக இருக்கும்.

ஏழு மணிக்கு தியோதோர் வந்தான்.
இந்த விமானத்தில் பாதி அவன் தேனீக்களின் பணம்.
வரைபடத்தைப் பார்க்கவில்லை.
இருக்கைக்குப் பதில் வைத்த பால் கிரேட்டில் உட்கார்ந்தான்.
"ஒரீஸியா, எல்லாம் அணைந்துவிட்டால் எதைப் பார்ப்பது?"
பேட்டரியிலிருந்து நேரே வரும் சிவப்புக் கோட்டைக் காட்டினேன்:
கீழ் ஓரத்தில் தனி சுவிட்ச்,
ஒரு ரேடியோ, ஒரு சின்னத் திரை, நாற்பது நிமிடம்.
"நாற்பது நிமிடத்தில் எங்கே போகலாம்?"
"தரைக்கு."

தலையாட்டினான். கையை நீட்டி
அதைப் போட்டுப் பார்த்தான்.
கையுறையைக் கழற்றவில்லை.
ஒரே விரலின் கீழே
சிவப்புக் கோட்டின் சுவிட்சும்
இறங்கும் விளக்கும் பெட்ரோல் பம்பின் பாதியும்.

"கழற்றிவிட்டுத் தொடு," என்றேன்.
"மேலே ஹீட்டர் வேலை செய்யும் என்று
எந்த ஃபியூஸ் எழுதிக் கொடுத்திருக்கிறது?"
பதில் நோட்டில் இல்லை.
அவன் தேன் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போனான்,
ஒரு கையுறையை மறந்துவிட்டு.

பதினொரு குண்டூசிகளையும் பிடுங்கினேன்.
இரண்டு சுவிட்சுகள் தேவையே இல்லை;
அழகுக்காக வைத்திருக்கிறேன்,
அதை அழகு என்று இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.
மற்றவற்றுக்கு நடுவே மூன்று சென்டிமீட்டர்.
பம்பு ஒரு பக்கம் போனது, விளக்கு மறுபக்கம்.
இருபத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்றுவரை
எல்லா வரிகளையும் அழித்தேன்.
ரப்பர் துருவல் மடியில் பனிபோல்,
ஊதினால் பறந்தது.

ஒன்பதரைக்குத் தெருவில் கரண்ட் போயிற்று.
ஹீட்டர் ஒருமுறை செருமி அடங்கியது.
டார்ச் எங்கே என்று தெரியும், எடுக்கவில்லை.
பால் கிரேட்டில் உட்கார்ந்து
அவன் கையுறையை மாட்டிக்கொண்டேன்.
உள்ளே தேன்மெழுகு வாடை.
இருட்டில் இடமிருந்து எண்ணினேன்:
ஒன்று, அடுத்தது,
மூன்றாவதில் அட்டை லேசாக அமுங்கியது.
இன்னொரு முறை எண்ணினேன்.