ஒட்டாத சாயம்

மூணாம் நாள் காலையில்
ஆரஞ்சாகப் போனது மூத்திரம்.
பயத்துக்கு முன்னால் ஷேடு பார்த்தேன்.
பதினேழு வருஷம் வீரபாண்டி சாயப்பட்டறையில் லேப் வேலை,
மஞ்சளில் கால் பங்கு சிவப்பு என்று
கண் தானாகச் சொல்லிவிட்டது.

"மாத்திரை சேருதுங்கண்ணா" என்றாள் ரெஜினா சிஸ்டர்.
"வேர்வையும் கண்ணீருங்கூட அப்படித்தான் வரும்."

விடிந்ததும் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை.
குடலில் கரைந்தது நேரே ஈரலுக்குப் போகிறது.
அங்கே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான்,
பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு, ஞாயிறும் கிடையாது.
வந்ததை உடைப்பான்,
தண்ணியில் கரையட்டும் என்று ஒரு வாலைக் கட்டுவான்,
பித்தத்தில் கொஞ்சம், ரத்தத்தில் கொஞ்சம்
தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பான்.
மருந்தா விஷமா, அவனுக்குத் தெரியாது.
வெளியாள். அவ்வளவுதான்.

அவன் கை படுவதற்குள்
நெஞ்சுக்குள் இருக்கிற பூச்சியைப் பிடித்தாக வேண்டும்.
துணியைப் பிடிக்காத சாயம்
சோப்புத் தண்ணியோடு போகிற மாதிரிதான்.

வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் செங்கோடனுக்கும்
இதே மாத்திரை, இதே எடை.
அவன் பாதத்தில் எறும்பு ஊறுகிறது,
எனக்கில்லை.
அவன் ஈரலில் ஆள் கொஞ்சம் மெதுவாம்,
மருந்து தங்கிவிடுகிறது.
ஒரே ரெசிபி, லாட்டு வேற.
ஒரு விட்டமினைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

என் ஆளுக்கோ வேகம் பழகிவிட்டது.
சர்க்கரை மாத்திரையையும் அள்ளி வெளியே வீசுகிறான்.
போன மாசம் நூத்திநாப்பது,
இந்த மாசம் இருநூத்தியெண்பது.
டாக்டர் சீட்டைத் திருத்தினார்.

ராத்திரி கக்கூஸில் நின்றுகொண்டு
அந்த நிறம் இறங்குவதைப் பார்க்கிறேன்.
கைப்பிடி அளவில் இரண்டு சிறுநீரகம்,
பாய்லர் இல்லை, கரண்டு பில் இல்லை,
உப்பு எது, நஞ்சு எது என்று
பிரித்துப் பிரித்து அனுப்புகின்றன.
மழை பெய்த ஒரு ராத்திரி
முதலாளி போன் போட்டதும்
பட்டறை வால்வைத் திறந்துவிட்டவன் நான்.
இதே ஆரஞ்சு.
நொய்யலுக்கு ஈரல் இல்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை, சிஸ்டரிடங்கூட.

ஆறாம் மாசம் சளி டப்பாவை நீட்டுவார்கள்.
மாசு வாரியத்துக்காரர் பாட்டிலில் பிடிப்பாரே,
அப்படி நிற்பேன்,
எண் வரும் வரைக்கும்.

வெள்ளை பனியனின் கழுத்துப் பட்டியில்
லேசாக ஏறியிருக்கிறது வேர்வை நிறம்.
சம்பூர்ணம் மூணு தரம் அலசிவிட்டாள்.
"பாஸ்ட்னெஸ் நல்லாத்தான் இருக்குது" என்றேன்.
ஈரத் துணியாலேயே ஒன்று போட்டாள்.